குலுக்காமல் பயன்படுத்தவும்

"அப்பா, இந்த மாமா பெரியவரா, சின்னவரா?"

தையல்காரரின் ஐந்து வயது மகள் ஒருநாள் இப்படிக் கேட்டாள். கேள்வியில் தப்பில்லை, கேட்ட நேரம்தான் தப்பு. அந்த மாமா அப்போது கடையின் நடுவில் இரண்டு கைகளையும் விரித்து, மூச்சைப் பிடித்தபடி, சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார். ஒட்டடைக்குச்சிக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டது போன்ற உருவம்.

தையல்காரர் அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு யோசித்தார். குழந்தை கேட்டால் பொய் சொல்லக் கூடாது என்பது அவர் கொள்கை.

"நீளத்துல பெரியவர், சுத்தளவுல சின்னவர்."

"ஒரே நம்பர்ல சொல்லுப்பா."

"அது முடியாது கண்ணு. உயரத்தை மட்டும் நம்பித் தைச்சா, இவரோட இவர் வீட்டுக்காரம்மாவும் சட்டைக்குள்ள நுழைஞ்சிடலாம். இடுப்பை மட்டும் நம்பித் தைச்சா, தொப்புள் வெளியில நிக்கும்."

"ஏங்க, நான் இங்கதான் நிக்கிறேன்" என்றார் மாமா, விரித்த கையை மடக்காமலே.

மாடியில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த தையல்காரரின் மனைவி சிரித்த சிரிப்பில் விரலை நறுக்கிக்கொள்ளப் பார்த்தாள். சிரித்தாள், மறந்தாள். அந்தக் கேள்வி அவள் வேலையைக் காப்பாற்றப் போகிறது என்று அப்போது அவளுக்கு எப்படித் தெரியும்?

அவளுக்கும் வேலை அளவெடுப்பதுதான். புருஷன் ஆளுக்கு அளவெடுத்தார், இவள் தூளுக்கு அளவெடுத்தாள். குழந்தைகளுக்குக் காய்ச்சல் மருந்து செய்யும் ஒரு கம்பெனி. பொடியை இனிப்பான திரவத்தில் கலக்கிப் பாட்டிலில் அடைப்பார்கள். பொடி கரையாது, மிதக்கும். ரொம்பப் பெரிதாக இருந்தால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். படுத்து இறுகிவிட்டால், பாட்டிலை எத்தனை குலுக்கினாலும் எழுந்திருக்காது. முதல் கரண்டியில் மருந்தே இருக்காது, கடைசிக் கரண்டியில் அளவுக்கு மீறி இருக்கும். ஆகவே கலக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு துகளும் என்ன அளவு என்று பார்த்தே ஆக வேண்டும்.

அதைப் பார்க்க அங்கே இரண்டு அறைகள், நடுவில் ஒரு சுவர்.

ஒரு அறையில் சல்லடைகள். பெரிய கண் உள்ளது மேலே, சின்னக் கண் உள்ளது கீழே என்று அடுக்கி, உச்சியில் பொடியைக் கொட்டி, ஆட்டும் இயந்திரத்தில் இறுக்கி ஆட்டுவார்கள். எந்தத் தட்டில் எவ்வளவு தங்கியது என்று நிறுத்தால் கணக்குத் தெரிந்துவிடும். இந்த அறைக்கு உடையவர் சல்லடையார். கம்பெனியில் எல்லோரும் வைத்த பெயர் அது. அவரும் ஏதோ பட்டம் கிடைத்தது போல அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்.

அடுத்த அறையில் லேசர். பொடியைத் திரவத்தில் கலக்கி ஓடவிட்டு அதன் மேல் ஒளியைப் பாய்ச்சினால், பெரிய துகள் ஒளியைக் கொஞ்சமாகத் திருப்பும், சின்னத் துகள் அகலமாகச் சிதறடிக்கும். சிதறலைப் பார்த்து இயந்திரம் அளவைச் சொல்லிவிடும். இது புது இயந்திரம், சோதனைக்காக வாங்கியது. இதை ஓட்டத்தான் தையல்காரரின் மனைவியைச் சேர்த்திருந்தார்கள். அவளுக்கு லேசரம்மா என்று பெயர் வைத்ததும் சல்லடையார்தான்.

அவள் சேர்ந்த முதல் வாரமே சண்டை வந்துவிட்டது. அந்தப் பக்கம் சல்லடை ஆடினால் இந்தப் பக்கம் மேசை அதிர்ந்தது. மேசை அதிர்ந்தால் லேசரின் குறி விலகியது. காலையில் சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் இயந்திரத்தை முடுக்குவாள். சாமியாலும் சல்லடையாரை நிறுத்த முடியவில்லை. அவளே போய்க் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, நீங்க ஆட்டுற ஆட்டத்துல என் மெஷினுக்குக் காய்ச்சல் வருது."

"காய்ச்சல்னா நம்ம மருந்தையே ரெண்டு கரண்டி ஊத்து தங்கச்சி. கம்பெனிச் சரக்குதானே?"

"விளையாடாதீங்கண்ணே. ஆட்டினா அளவு தப்பாகுது."

"ஆட்டினாத்தான் எனக்கு அளவே வரும். ஆடாம அளக்க நான் என்ன ஜோசியம் பார்க்கிறவனா?"

அவள் விடுவிடுவென்று திரும்பி வந்துவிட்டாள். மறுநாள் வந்து பார்த்தால் அவள் அறைக் கதவில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. மருந்துப் பாட்டிலில் போட்டிருப்பது போலவே, பட்டை பட்டையாக எழுதிய எழுத்து: "குலுக்காமல் பயன்படுத்தவும்."

வருகிறவன் போகிறவன் எல்லாம் படித்துவிட்டுச் சிரித்தான். லேசரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிய்த்தால் தோற்றதாக ஆகிவிடும் என்று அதை அப்படியே விட்டாள். வீம்புதான்.

ஆனால் அன்றிலிருந்து அதிர்வு நின்றுபோனது. சாமி கேட்டுவிட்டது என்று அவள் நினைத்தாள். அந்தப் பக்கம் வேலை குறைந்துவிட்டது என்றும் நினைத்தாள். கூடவே இன்னொன்றையும் கவனித்தாள். மதியம் எல்லோரும் சாப்பாட்டு அறையில் கூடினால் சல்லடையார் மட்டும் வருவதில்லை.

"நம்மளோட உட்கார்ந்தா தோஷமாம்" என்று அவளே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். "நம்ம எல்லாரையும் சலிச்சுப் பார்த்து, சல்லடையில தங்குற கப்பின்னு ஒதுக்கிட்டாரு."

இப்படியே மாதங்கள் ஓடின. அவளுக்கு வேலை உறுதியாகும் மாதமும் வந்தது. அதே மாதத்தில்தான் வந்து சேர்ந்தது அந்தப் பொடி.

சல்லடையார் ஆட்டிப் பார்த்தார். தலைமுடித் தடிமன் கண் உள்ள சல்லடையில் கொட்டியது அத்தனையும் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. "சன்னமான பொடி, அருமை" என்று சொல்லிவிட்டார். லேசரம்மா ஒளி பாய்ச்சிப் பார்த்தாள். துகள்களில் பத்தில் ஒரு பங்கு, தலைமுடித் தடிமனைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று காட்டியது. "தடிப்பான பொடி, ஆகாது" என்று சொல்லிவிட்டாள்.

விஷயம் மேலாளரிடம் போனது. எதைக் கேட்டாலும் 'நாளைக்கே வேணும்' என்பார் என்பதால் அவருக்கு நாளைக்கே சார் என்று பெயர். இருவரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார்.

"ஒரே பொடி. ஒருத்தர் சின்னதுங்கிறீங்க, ஒருத்தர் பெரிசுங்கிறீங்க. யாரு தப்பு?"

"பழைய சல்லடைன்னா எங்கயாவது கிழிஞ்சிருக்கும் சார்" என்றாள் லேசரம்மா.

"புது மெஷின்னா எங்கயாவது கொழுப்பு வெச்சிருக்கும் சார்" என்றார் சல்லடையார்.

மேலாளர் மேசையைத் தட்டினார். "யாரு தப்புன்னு எனக்கு நாளைக்கே தெரியணும். சல்லடை இங்க ரொம்ப காலமா இருக்கு. மெஷின் சொல்றது தப்புன்னா, வித்தவங்களுக்கே திருப்பி அனுப்பிடுவோம். அதை ஓட்ட ஆளும் தேவைப்படாது."

அவ்வளவுதான். மெஷினோடு சேர்த்துத் தன்னையும் பெட்டியில் போட்டு ஆணி அடிக்கப் போகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. மகளைப் பள்ளியில் சேர்த்த வருஷம் அது. புருஷனின் கடையை மட்டும் நம்ப முடியாது, ஊரில் எல்லோரும் தைத்த சட்டையை வாங்கிப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை முழுவதும் தன் பக்கத்துத் தப்பைத் தேடினாள். கலக்கியை வேகமாகச் சுற்றினால் காற்றுக்குமிழி சேரும், குமிழியையும் பெரிய துகள் என்று லேசர் எண்ணிவிடும். வேகத்தைக் குறைத்தாள். அதே கணக்கு. துகள்கள் ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு கட்டியாக நிற்கலாம். ஒலி அலையால் உலுக்கிப் பிரித்தாள். அதே கணக்கு. மேலாகக் கரண்டி போட்டு எடுத்திருக்கலாம் என்று, பீப்பாயின் மேல், நடு, அடி என எல்லா இடத்திலிருந்தும் மாதிரி எடுத்துவந்தாள். கண்ணாடியைத் துடைத்தாள், சாமியை இன்னொரு தரம் கும்பிட்டாள். கணக்கு அசையவில்லை.

'அப்போ சல்லடைதான் கிழிசல்' என்று முடிவு கட்டினாள். நல்லவர்களுக்கும் நெருக்கடியில் திருட்டுப் புத்தி கொஞ்சம் எட்டிப் பார்க்கும். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பூனை போலச் சல்லடை அறைக்குள் நுழைந்தாள்.

நுழைந்தவள் திடுக்கிட்டாள். அறையில் தடதடவென்று ஆட்டம்; ஓடவிட்டுவிட்டு வெளியே சாப்பிடப் போயிருப்பார் என்று நினைத்து வந்திருந்தாள். ஜன்னலோரமாக முதுகைக் காட்டிக்கொண்டு சல்லடையார் நின்றிருந்தார், காதில் போன். அவள் சட்டென்று அலமாரிக்குப் பின்னால் பதுங்கினாள். ஒரு கையில் செருப்பு, மறு கையில் பூதக்கண்ணாடி. பார்த்திருந்தால் யாராக இருந்தாலும் போலீஸைக் கூப்பிட்டிருப்பார்கள்.

"சாப்பிடுறேன், சாப்பிடுறேன்" என்று போனில் கத்திக்கொண்டிருந்தார் அவர், ஆட்டச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமே. "தினமும் ஆறிப்போறது எனக்கும்தான் பிடிக்கல. என்ன பண்ணச் சொல்றே? பக்கத்து ரூம் பொண்ணு மெஷினை நிறுத்திட்டுச் சாப்பிடப் போற நேரம் இது ஒண்ணுதான். அதுக்குள்ள என் வேலையை ஆட்டி முடிச்சுக்கிறேன். ... அட, எனக்கும் அந்தப் பொண்ணுக்கும் ஆகாதுதான், வாய்க்கு வாய் பேசும். அதுக்காக வயித்துல அடிக்க முடியுமா? அதுக்கு இந்த மாசம்தான் வேலை உறுதியாகணும். ... சரி, வயித்துப்புண்ணு வந்தா வரட்டும், நம்ம கம்பெனியில மாத்திரைக்கா பஞ்சம்?"

அலமாரிக்குப் பின்னால் லேசரம்மா பூதக்கண்ணாடியை இறக்கினாள். கதவில் ஒட்டியிருந்த டேப் கண் முன்னால் வந்து நின்றது. 'குலுக்காமல் பயன்படுத்தவும்.' கேலி என்று அவள் நினைத்தது ஒரு மனுஷன் கொடுத்த வாக்கு. அவர் கொடுத்தார், கொடுத்ததைக் காப்பாற்றினார், வெளியே சொல்லவில்லை. இவள் அவரைக் கப்பியில் சேர்த்துப் பேசியிருக்கிறாள். கடவுள் நல்லவர்களைப் படைக்கும்போது சில பேருக்கு வேண்டுமென்றே குறும்பு வாயை வைத்துவிடுகிறார், சுலபத்தில் யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று.

கண் கலங்கியது. கண் கலங்கினால் மூக்கும் சும்மா இருக்காது. போதாததற்கு அலமாரிக்குப் பின்னால் தூசி. அவள் மூக்கை அழுத்திப் பிடித்தாள், வாயைப் பொத்தினாள். அந்த நேரம் பார்த்தா ஆட்டம் நிற்க வேண்டும்? நின்றது. தும்மல் வெடித்தது.

சல்லடையார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தும்மிய வேகத்தில் அலமாரி ஓரமாக நீண்ட செருப்பு ஜன்னல் கண்ணாடியில் தெரிந்தது. போனை வைத்துவிட்டு, "தும்மல் பெரிய சைஸ். மேல் தட்டுலயே நிக்கும்" என்றார். "வெளியில வா தங்கச்சி. செருப்பைக் கீழ போடு, தரை சுத்தமாத்தான் இருக்கு."

அவள் வெளியே வந்தாள். பேச்சைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொண்டால் அவர் கூசிப்போவார் என்று தோன்றியது.

"உங்க சல்லடை கிழிஞ்சிருக்கான்னு பார்க்க வந்தேண்ணே."

"அதுக்குத் திருட்டுத்தனமா வரணுமா? கேட்டா நானே விளக்கு பிடிச்சிருப்பேனே." சல்லடையைக் கழற்றி, கைக்குழந்தையைக் கொடுப்பது போல இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். "பாரு. நல்லாப் பாரு. கிழிசல் இருந்தா என் மீசையை எடுத்துடறேன்."

அவருக்கு மீசையே கிடையாது.

அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். வலையில் ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை. கண்கள் எல்லாம் சதுரமாக, சமமாக இருந்தன. ஆனால் சில கண்களில் ஏதோ நட்டுக்கொண்டு நின்றது. பாதி மேலே, பாதி கீழே. கம்பிவேலிக்குள் நுழைந்து மாட்டிக்கொண்ட ஒல்லிப் பையன் போல.

"அண்ணே, இது என்ன?"

அவரும் குனிந்தார். இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டன. "என்னமோ ஊசி மாதிரி இருக்கு."

ஊசி! தையல்காரர் வீட்டுக்காரிக்கு ஊசியைப் பற்றித் தெரியாதா? கையை விரித்தபடி, மூச்சைப் பிடித்து நின்ற அந்த ஒட்டடைக்குச்சி மாமா அவள் மனதுக்குள் வந்து நின்றார். பெரியவரா, சின்னவரா? நீளத்துல பெரியவர், சுத்தளவுல சின்னவர்.

"நீங்க இடுப்பை அளந்திருக்கீங்க!" என்று கூவினாள். "நான் உயரத்தையும் சேர்த்து அளந்திருக்கேன்!"

"யாரோட இடுப்பை? தங்கச்சி, சத்தமா சொல்லாதே, வெளியில ஆள் போகுது."

அவள் அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக நுண்ணோக்கியிடம் கூட்டிப்போனாள். ஒரு சிட்டிகைப் பொடியை ஒரு சொட்டுத் திரவத்தில் விட்டுப் பார்த்தார்கள். முன்பெல்லாம் வந்த பொடி சர்க்கரை போலக் கட்டை கட்டையாக இருக்கும். இதுவோ வைக்கோல் போர் சரிந்தது போல, ஒரே ஊசி ஊசியாகக் கிடந்தது. ஊசிகள் சல்லடையில் ஆட ஆட எழுந்து நின்று, தலைகீழாகக் கண்ணுக்குள் நழுவிப் போய்விட்டன. சல்லடைக்குத் தெரிந்தது இடுப்பளவு. லேசர் எதையும் உருண்டை என்றே வைத்துக் கணக்குப் போடும். குறுக்கும் நெடுக்குமாக மிதந்துபோன ஊசிகளைப் பார்த்து அது பெரிய உருண்டை என்று சொல்லிவிட்டது.

"அப்ப நானும் சரி" என்றார் சல்லடையார்.

"நானும் சரி."

"ச்சே" என்றார் அவர், நிஜமாகவே வருத்தப்பட்டு. "உன்னைக் கேலி பண்ண நல்ல நல்ல வாக்கியமா யோசிச்சு வெச்சிருந்தேன்."

இருவரும் மேலாளரிடம் போனார்கள். அவர் நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரெண்டு பேரும் சரின்னா, யாரு தப்பு? யாராவது தப்பா இருந்தே ஆகணுமே."

"பொடிதான் சார் தப்பு" என்றாள் லேசரம்மா. "இதுவரைக்கும் வந்தது கட்டை. இது ஊசி. அனுப்பினவங்க செய்முறையில எதையோ மாத்திட்டாங்க. இதைக் கலக்கினா ஊசியெல்லாம் பின்னிக்கிட்டு பாட்டில் அடியில பாயா விரிஞ்சிடும். அப்புறம் எந்த அம்மா குலுக்கினாலும் எழுந்திரிக்காது."

சல்லடையார் தொண்டையைச் செருமினார். "சார், சல்லடை மட்டும் இருந்திருந்தா நான் இதை உள்ள விட்டிருப்பேன். அந்த மெஷின் சண்டை போட்டதாலதான் மாட்டிச்சு."

அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. லேசரம்மா தரையைப் பார்த்துக்கொண்டாள். கடனுக்கு மேல் கடன் ஏறிக்கொண்டே போனது.

"சரி, பொடியைத் திருப்பி அனுப்புங்க. நல்ல பொடி எனக்கு நாளைக்கே வேணும்" என்றார் மேலாளர். "மெஷின் இருக்கட்டும்."

"நான் சார்?"

"மெஷின் தானா ஓடுமா? நீயும் இரு."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவள் மகளைத் தூக்கிக் கன்னத்தில் முத்தம் வைத்தாள். மகளுக்குக் காரணம் புரியவில்லை, ஆனாலும் இன்னொரு கன்னத்தையும் காட்டினாள். பிறகு லேசரம்மா புருஷனிடம் போய் நின்றாள்.

"உங்க தையல் மெஷினுக்கு அடியில ரப்பர் போட்டிருக்கீங்களே, அதுல மிச்சம் இருக்கா?"

கீழ்வீட்டுக்காரர் தலைக்கு மேல் இடி இடிக்கிறது என்று சண்டைக்கு வந்தபோது, தையல்காரர் வாங்கிப் போட்ட கெட்டி ரப்பர் அது.

"இருக்கு. யாருக்கு அளவு?"

"ஒரு மேசைக்கு. காலுக்குக் கீழ வைக்க."

"மேசைக்குச் செருப்பா?" மகள் ஓடிவந்தாள். "நாலு காலுக்குமா? அதுல எது வலது, எது இடது?"

"மேசைக்கு எல்லாமே வலதுதான் கண்ணு. இது அவ்வளவு நல்ல மேசை." தையல்காரர் கத்தரியை எடுத்துக்கொண்டே மனைவியைப் பார்த்தார். "யாரு மேசைன்னு சொல்ல மாட்டியா?"

"சொல்லாம செஞ்சவருக்குச் சொல்லாமத்தான் திருப்பிச் செய்யணும்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ரப்பரை வட்டமாக வெட்டி, கால் வழுக்காமல் நிற்க நடுவில் லேசாகக் குழி எடுத்து, ஓரத்தைப் பிசிறில்லாமல் இழைத்துக் கொடுத்தார். பராமரிப்புப் பிரிவில் மறுநாள் அவள் அனுமதி கேட்டாள். "மேசைக்கு அடியில ரப்பரா? தாராளமா வெச்சுக்குங்க" என்றார்கள். எந்த மேசை என்று அவர்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அதற்கடுத்த நாள் அவள் எல்லோருக்கும் முன்னால் வந்தாள். சல்லடை அறையில் யாரும் இல்லை. இயந்திரத்துக்கு நேர் கீழே எதையும் வைக்கக் கூடாது, ஆட்டத்தின் அளவே மாறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். எனவே அது நிற்கும் மேசையின் காலுக்குத்தான் வைத்தாள். மூலைக்கு மூலை தோள் கொடுத்துத் தூக்கி, காலால் ரப்பரைத் தள்ளினாள். கடைசி மூலையில் நிமிரும்போது தலை மேசையில் இடித்தது. 'நல்லா வேணும், கப்பின்னு சொன்ன வாய்க்கு' என்று தடவிக்கொண்டாள். மட்டம் பார்க்கும் குழாயை மேலே வைத்தாள். குமிழி நடுவில் வந்து நின்றது.

பிறகு தன் அறைக்குப் போய், லேசர் மேசையின் மேல் ஒரு கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீரை வைத்தாள். திரும்பி வந்து வெறும் சல்லடைகளை இறுக்கி, ஆட்டத்தை முடுக்கிவிட்டு மறுபடி ஓடினாள். சுவருக்கு அந்தப் பக்கம் தடதடவென்று கேட்டது. குவளையில் தண்ணீர் படுத்த கண்ணாடி போலக் கிடந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

ஆட்டத்தை நிறுத்தினாள். தன் கதவில் இத்தனை நாள் வீம்புக்கு விட்டுவைத்திருந்த பழைய டேப்பை மெதுவாக உரித்து, மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டாள். பிறகு புது டேப்பைக் கிழித்து, பட்டை பட்டையாக எழுதி, சல்லடையாரின் கதவில் ஒட்டினாள்.

"நன்றாகக் குலுக்கிப் பயன்படுத்தவும்."

படியில் யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டது. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனை போலத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.